பந்தியில்லா விருந்தும் பரிமாண விரதமும்

சீன உணவகம் ஒன்றில் பஃபே விருந்துண்டு திரும்பிய நம் இளைஞர் சிலர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினர். தேவைக்கு மேல் தட்டில் எடுத்துவிட்டால், அதனை வலிந்து உண்பது நன்றா, எறிந்துவிடுவது நன்றா. இரண்டனுள் எது சிறிய வினை என்பதே அவ்வினா. வேடிக்கையாகக் கேட்டதுபோல் தோன்றினும் சிராவக தருமத்தின் வேர்வரை செல்லும் கேள்வி இது. ஆதலின் சற்று விரிவாகவே எண்ணிப் பார்க்கத் துணிந்தோம்.

பஃபே என்னும் பிரெஞ்சுச் சொல் உணவுப் பண்டங்களை வைக்கும் பலகையைக் குறித்தது. பண்டங்களை ஒரு நீண்ட மேசையில் பரப்பி, உண்பவரே எடுத்துக்கொள்ளும் ஸ்வீடன் நாட்டு வழக்கம் 1939-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்கரிடையே பரவலாக அறிமுகமாயிற்று. ஒரு கட்டணம் செலுத்தி எவ்வளவும் உண்ணலாம் என்னும் ஏற்பாட்டை 1940-களில் லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட விடுதிகள் பேர்பெறச் செய்தன. உணவு தேடி எழுந்தவர் வெளியே போய்விடாதபடி நிறுத்திவைக்க அது உதவிற்றாம். சீனரின் பழைய உண்முறை இதுவன்று. அங்கே கறிவகைகள் மேசையின் நடுவில் இருக்க, குடும்பத்தார் சுற்றியமர்ந்து, மூத்தோர் தொட்ட பின்னரே ஏனையோர் எடுப்பர். பிறர் கிண்ணத்தில் நல்ல துண்டை எடுத்து வைப்பது அவர்க்கு உபசாரம். சீன உணவும் அமெரிக்க ஏற்பாடும் கூடியதே சீனப் பஃபே.

நம் நாட்டில் வழங்கும் சீன உணவோ இன்னும் ஒருபடி விலகியது. கல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர் கைப்பக்குவத்தில் தொடங்கி, நம்மவர் நாவிற்கேற்ப மிளகாயும் மல்லித்தழையும் ஏற்று வளர்ந்தது அது. 1975-ஆம் ஆண்டில் மும்பையில் நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர் ஆக்கியதாகச் சொல்லப்படும் மஞ்சூரியன் மஞ்சூரியாவில் இல்லை. கோழிக்குப் பதில் காலிஃபிளவர் இட்ட கோபி மஞ்சூரியன் இன்று தமிழகத்தின் சிற்றூர்வரை வந்துவிட்டது. 2019-இல் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சி நெல்லுக்கும் கரும்புக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். அவ்வூரின் சேலம் சாலையிலும் துருகம் சாலையிலும் பொழுது சாய்ந்தால் ஃபிரைடு ரைஸ் வாணலியில் கரண்டி மோதும் ஓசை கேட்கிறது. திருமண வரவேற்புகளில் இட்லிக்கும் இடியாப்பத்திற்கும் பக்கத்தில் ‘சைனீஸ் கவுண்டர்’ என்றொரு மேசை இடம்பிடித்துவிட்டது. பெருநகரச் சீன உணவகங்களில் அம்மேசை பன்மடங்கு நீளுகிறது.

அத்தகைய உணவகம் ஒன்றிற்குச் சென்னையில் உறவினர் அழைப்பின்பேரில் நாமும் ஒரு நண்பகல் சென்றிருந்தோம். நண்பகலுக்கே இசைந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஞாயிறு மறைவது ஆண்டு முழுதும் மாலை ஐந்தே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில்; சென்னையிலும் ஏறத்தாழ அவ்வாறே. உணவகத்தின் இரவு விருந்தோ ஏழு மணிக்குத்தான் தொடங்கும். இராவுணவு நீத்தவர்க்கு மேசையருகே செல்லும் முன்னரே பாதி வினா தீர்ந்துவிடுகிறது.

மேசையில் முப்பதுக்குக் குறையாத பாத்திரங்கள். சைவம், அசைவம் என இரு வரிசை. இடையே ஓர் அடி இடைவெளி. அங்கு நின்ற பணியாளர் ஓர் இளைஞர். சூப்பில் என்னென்ன சேர்ந்துள்ளன என்று கேட்டோம். அவர் முகம் சுளிக்காமல் உள்ளே சென்று சாஸ் புட்டியையே எடுத்து வந்து, அதன்மேலிருந்த பச்சைப் புள்ளியைக் காட்டினார். ‘ஐயா, மீன் சாஸ், சிப்பி சாஸ் எல்லாம் அந்தப் பக்கம்தாங்க. ஆனா வர்றவங்க இந்தக் கரண்டிய எடுத்து அதுல போட்டுடுவாங்க, அத எடுத்து இதுல வைப்பாங்க. நீங்க புதுசா மாத்தின பாத்திரம் வந்ததும் எடுத்துக்குங்க’ என்றார். எந்த ஆசார நூலிலும் நாம் காணாத அறிவுரை அது. அவர் எம்மதத்தவர் என்று நாம் கேட்கவில்லை.

பச்சைப் புள்ளி ஊனின்மையை உறுதி செய்யும். சிராவகரின் விலக்குகள் அதனினும் அகன்றவை. ‘ஹனி சில்லி பொட்டேட்டோ’ என்று ஒரு பண்டம். அதில் தேனும் உண்டு, கிழங்கும் உண்டு. ஊன், கள், தேன் மூன்றையும் விடுதல் சிராவகர்க்கு மூலகுணத்தில் சேர்ந்தது. காளான் ஆகாது. காலிஃபிளவர் மடல்களுக்குள் புழுக்கள் ஒளிந்திருக்கும் என்பதால் அதனையும் விட்டவர் நம்மில் பலர். காடி புளிக்கவைத்த பொருள். வெங்காயமும் பூண்டும் வேர்க்கீழ் விளைபவை. இவ்விடத்தில் ஒரு செய்தி வியப்புக்குரியது. சீனத்துப் பௌத்தத் துறவியரும் பூண்டு, வெங்காயத்தாள், பெருங்காயம் முதலாக ஐந்து காரப் பொருள்களை விலக்குகின்றனர். அவர்கள் காரணம் வேறு: அவை காமத்தையும் சினத்தையும் தூண்டுமென்பது. நாம் எண்ணற்ற நுண்ணுயிரை எண்ணி விடுகிறோம்; அவர்கள் மனத்தை எண்ணி விடுகின்றனர். ஊன் உண்ணும் பௌத்தரை நம் நீலகேசி வாதில் மடக்கினாள் என்பது நூல்வழி அறிந்த கதை. சீனத்திலோ லியாங் மரபின் பேரரசர் வூ, 502 முதல் 549 வரை ஆண்டவர், பௌத்தத் துறவியர் ஊனுண்ணலாகாது என்று அழுத்தமாக நின்று அதனை நிலைபெறச் செய்தார். கடல் கடந்த ஊரில் வேறொருவர் அவ்வாதத்தை வென்றிருக்கிறார் என்று மகிழலாம்.

இனி வினாவிற்கு வருவோம். பந்தி விருந்தில் அளவை வகுப்பவர் பலர். பரிமாறுபவர் இடுவார், போதும் என்று இலைமேல் கை மறைத்தால் நிறுத்துவார், சில வேளை நிறுத்தவும் மாட்டார். அடுத்த இலைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த பந்தி பின்னால் நிற்கும். பழைய பந்தியைப் புகழ்ந்து பஃபேயைப் பழிப்பது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. அதில் நமக்கு முழு உடன்பாடில்லை. பந்தியில் முதல்வரிசை யாருக்கு என்ற கணக்கு இருந்தது. பெண்டிர் கடைசியில் உண்டனர். பணியாளர் அவர்க்கும் பின்னர். தட்டேந்தி நிற்கும் வரிசையில் அந்த ஏற்றத்தாழ்வு பெரிதும் கரைந்துவிட்டது. மேலும், கேளாமல் இடும் கை இங்கு இல்லை. ஒரு கரண்டி போதுமென்றால் ஒரு கரண்டியே வரும். அளவறிந்து உண்ண விரும்புபவர்க்குப் பந்தியினும் பஃபே எளிது.

நின்றுகொண்டு உண்பதைக் குறை கூறுவோரும் உளர். திகம்பர முனிவரும் நின்றே உண்கிறார். கைகளே அவர்க்குப் பாத்திரம். நிற்கும் வலிமையும் கைகுவிக்கும் வலிமையும் உள்ளவரையே இவ்வுடலுக்கு உணவு என்பது அதன் கருத்து. ஆடவர்க்கு நிறையுணவு 32 கவளம் என்று வைத்து, அதனிற் குறைத்து உண்பதை அவமோதரியம் என்னும் தவமாகக் கொண்டனர். அன்றியும் விருத்தி பரிசங்கியானம் என்றொரு தவம் உண்டு. இத்தனை வீடு, இன்ன நிலையில் கிடைத்தால் மட்டுமே உணவு என்று முனிவர் புறப்படுமுன்பே மனத்துள் வரையறுத்துக்கொள்வது அது. வரையறை செய்யும்போது உணவு கண்ணுக்கு எதிரில் இருப்பதில்லை. இக்குறிப்பு நம் வினாவிற்குத் திறவுகோல்.

ஏனெனில் பஃபே மேசையில் அளவு நிர்ணயமாவது கண்ணால். நெடுவரிசையில் முதலில் சோறும் நூடுல்ஸும் வைக்கப்படுவதும், விலைமிக்கவை கடைசியில் இருப்பதும் வணிகர் அறிந்த நுட்பம். நம்மவர் அறிந்த நுட்பமோ வேறு: கொடுத்த பணத்திற்கு உண்ண வேண்டாமா? இக்கூற்றைச் சற்றே ஆராய்ந்தால் உடைந்துவிடும். பணம் வாயிலிலேயே போய்விட்டது. நாலு கவளம் உண்டாலும் நாற்பது உண்டாலும் அது திரும்பாது. கட்டணம் பலரது சராசரி ஊணைக் கொண்டு வகுக்கப்படுவதால் குறைத்துண்பவர் மிகுத்துண்பவரின் செலவில் ஒரு பங்கை ஏற்கிறார் என்பது மெய்யே. அதனைத் தானக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டா.

எடுத்தது மிஞ்சிவிட்டது. இப்போது என் செய்வது? உண்டுவிடு என்பார் வீட்டுப் பெரியோர். சோற்றைச் சிந்துதல் பாவம் என்று வளர்ந்தவர்கள். விட்டுவிடு என்பார் மருத்துவம் அறிந்தோர்; வயிறு குப்பைத்தொட்டி அன்று. மூன்றாம் கட்சியும் ஒன்றுண்டு. உணவு மேசைக்கு வருமுன்பே ஓரறிவுயிர்கள் மாய்ந்துவிட்டன. இனி அது வயிற்றுக்குப் போனாலென், தொட்டிக்குப் போனாலென், உயிர்க்கணக்கில் வேறுபாடு இல்லை என்பது அது. கூர்மையான வாதமாகவே தோன்றும். ஆனால் பஃபே மேசையின் இயல்பை அது மறந்துவிடுகிறது. பாத்திரம் குறையக் குறைய அடுக்களையிலிருந்து அடுத்தது வருகிறது. நாம் அள்ளிய மிகைக் கரண்டியே அடுத்த கடாய்க்கு இட்ட கட்டளை. வினையை நம் ஆகமம் செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவகைப்படுத்தியது. வாங்குவோன் கொலை செய்விப்போனே என்று ஊன் வாங்குதலைப் பற்றி நம்மவர் கூறும் அதே வாதம், மரக்கறிக்கும் அதன் அளவில் பொருந்தும். ஆகவே வினை நிகழ்ந்த இடம் வாயுமன்று, தொட்டியுமன்று. கரண்டியைப் பிடித்த கணம் அது. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கையில் பிரமாதத்தை, அஃதாவது விழிப்பின்மையை, முன்வைத்ததும் இதனால் என்று கொள்கிறோம்.

அவ்வாறாயின் உண்பதும் எறிவதும் ஒன்றே என்பதன்று நம் கருத்து. பயனின்றிச் செய்யும் கேட்டை அனர்த்த தண்டம் என்று தனியே பிரித்து, அதனை விடுதலைக் குணவிரதங்களுள் ஒன்றாக வைத்தனர். எறிந்த உணவு அந்த வகை. எச்சிற்பட்ட உணவில் 48 நிமிடமாகிய ஒரு முகூர்த்தத்தில் நுண்ணுயிர் தோன்றும் என்பது முன்னோர் கொள்கை. வடநாட்டு ஜைனர் பலர் உண்ட தட்டைக் கழுவி அந்நீரையும் பருகுவது அது கருதியே. சிறு மிச்சமாயின் உண்டு முடிப்பதே நேர். உடன் வந்தவர் கை படாமல் பகிர்ந்துகொள்வாராயின் அதுவும் நன்று. குமட்டுமளவு மிஞ்சினால் விட்டுவிட்டு, அடுத்த வேளை உணவைத் துறப்பது தகும். எதைச் செய்தாலும் கரண்டியின் வினை கழிந்தது என்று மட்டும் எண்ணலாகாது. மிச்சம் வைத்தால் தண்டத்தொகை என்று சில உணவகங்கள் பலகை வைத்துள்ளன. அதனால் வீண் குறையும். ஆனால் பணத்தைக் கட்டிவிட்டோமே என்ற நிம்மதியையும் சிலர்க்கு அது தருகிறது.

வீண் என்பதன் பருமனைச் சொன்னால் மலைப்பாக இருக்கும். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன். உணவகம் முதலான இடங்களின் பங்கு 29 கோடி டன். பெரும்பங்கு வீடுகளில் என்பதையும் மறைக்கலாகாது. இவ்வெண்கள் மனத்தில் நிற்பதில்லை. கல்வராயன் மலைக்கு ஒருமுறை சென்றுவந்தால் நிற்கும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து மேலேறினால் கரியாலூர், வெள்ளிமலை. சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி உயரம். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் மானாவாரியாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து வாழ்ந்த நிலம். சாமை அரிசியை ஆக்கிப் பார்த்தவர்க்குத்தான் அதன் அருமை தெரியும். மணி கடுகினும் சற்றே பெரிது; உமியோ பிடிவாதமாக ஒட்டியிருக்கும். உரலில் குத்தி, புடைத்து, மீண்டும் குத்தி, கல்லரித்து, ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்டிர் அரைநாள் உழைத்தனர். அவ்வாறு வந்த சோற்றில் ஒரு பிடி கீழே போவதை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பர் என்று எண்ணுக. இன்று உமி நீக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. நியாயவிலைக் கடை அரிசியும் வந்துவிட்டது. சாமைக் கொல்லைகள் பலவற்றில் மரவள்ளியும் மக்காச்சோளமும் ஏறிவிட்டன. வயிற்றுக்கு விளைந்த நிலம் சந்தைக்கு விளைகிறது.

அந்த மக்காச்சோளம் எங்கே செல்கிறது? நம் நாட்டில் விளையும் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி கோழித் தீவனம்; நாமக்கல் பண்ணைகள் அருகிலேயே உள்ளன. ஒரு பகுதி மாவுப்பொருள் ஆலைக்குப் போய், ‘கார்ன் ஃபிளவர்’ என்னும் வெண்பொடியாகிறது. சீன சூப்பைக் குழகுழப்பாக்குவதும் மஞ்சூரியனுக்கு மொறுமொறுப்பூட்டுவதும் அப்பொடியே. அசைவ வரிசையின் முட்டையும் சைவ வரிசையின் குழம்பும் ஒரே கதிரிலிருந்து வந்திருக்கக்கூடும். இடையே வைத்த ஓர் அடி இடைவெளி நமக்கு ஆறுதலளிக்கிறது. கொல்லைக்கு அது தெரியாது. இதனைச் சொல்வது சைவ வரிசையில் நிற்பவரை மனந்தளரச் செய்ய அன்று. தட்டில் நிற்கும் பொருள் ஒரு நெடுவழியின் கடைசிப் படி என்பதைக் கருதினால் கரண்டி தானே சற்றுத் தயங்கும்.

இளைஞர் கேட்ட இன்னொன்றையும் விடலாகாது. சீன மேசையில் கோதுமைப் பசையாலும் சோயாவாலும் ஆக்கிய போலி ஊன் வகைகள் உள்ளன. சீனத்துப் பௌத்தர் வளர்த்த கலை அது. சிங்கப்பூர், மலேசியா சென்றுவந்தோர் வாத்தின் தோற்புள்ளி வரை செதுக்கிய துண்டுகளைக் கண்டிருப்பர். நம்மூரில் ‘மீல் மேக்கர் 65’ அதன் எளிய உறவு. உயிர்க்கொலை இல்லாதபோது இதில் என்ன குற்றம் என்று கேட்கின்றனர். யசோதர காவியம் அறிந்தவர்க்கு இக்கேள்வி புதிதன்று. உஞ்சயினி வேந்தன் யசோதரன் உயிர்ப்பலி கூடாதென்று மறுத்தான். தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். ஓர் உயிரும் மாயவில்லை. ஆயினும் வாளை ஓங்கியபோது அவன் நெஞ்சில் இருந்தது கோழியே, மாவன்று. அத்தீய எண்ணத்தின் பயனாகத் தாயும் மகனும் நாயும் மயிலுமாய்ப் பிறந்து, பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர் என்கிறது காவியம்.

இக்கதையைக் கொண்டு சோயாத் துண்டைத் தொடுவோரையெல்லாம் யசோதரனாக்குவது மிகை. அவன் கொன்று பயன்பெற எண்ணினான். உடலுரம் கருதிச் சோயா உண்பவர்க்கு அவ்வெண்ணம் இல்லை. நம் துணிபு இது: ஊனுண்டு பழகி அதை விட முயல்பவர்க்குப் போலி ஊன் ஒரு படி இறக்கம்; பிறவி முதல் ஊன் அறியாத சிராவகச் சிறுவருக்கு, ‘அச்சாக் கோழி மாதிரியே இருக்கும், சாப்பிடு’ என்று ஊட்டப்படும் அதே துண்டு ஒரு படி ஏற்றம். பண்டம் ஒன்று, செல்லும் திசை இரண்டு. கெடுதி சோயாவில் இல்லை, ‘அச்சாக் கோழி மாதிரியே’ என்ற சொல்லில் இருக்கிறது. இங்கும் வாயை எட்டுமுன்பே வினை நடந்துவிடுகிறது.

போகோபபோக பரிமாணம் என்னும் விரதத்தை நம் தாய்மார் பலர் இன்றும் பொருட்கணக்காகக் காத்துவருகின்றனர். இன்று ஐந்து பொருள், அல்லது ஏழு பொருள், அதற்கு மேல் நாவில் வையேன் என்று காலையிலேயே சொல்லிக்கொள்வது. நாம் சென்ற அந்த நண்பகல் விருந்தில் அவ்வாறு ஐந்து பொருள் வைத்துக்கொண்ட மூதாட்டி ஒருவரும் வந்திருந்தார். முப்பது பாத்திரங்களையும் அவர் சுற்றிப் பார்த்தது உண்மை. பார்க்கக்கூடாதென்று விரதமில்லை என்றும் சொல்லிக்கொண்டார். அவருக்கு எழுந்த ஐயம் வேறு. காய்கறி நூடுல்ஸை ஒரு பொருளாகக் கொள்வதா, அதனுள் கண்ணுக்குத் தெரியும் குடைமிளகாய், முட்டைக்கோஸ், பீன்ஸ் எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணுவதா? பெயரால் எண்ணுவோரும் உளர், சேர்மானத்தால் எண்ணுவோரும் உளர் என்றோம். அவர் சிறிது யோசித்துவிட்டு, தண்ணீரையும் சேர்த்து எண்ணி, வெறும் சோறு, வேகவைத்த பீன்ஸ், தயிர், ஒரு துண்டு தர்ப்பூசணி என்று தட்டில் வைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார். பாதி உண்டபின் தர்ப்பூசணி இன்னொரு துண்டு எடுத்துவரச் சொல்லட்டுமா என்று பேத்தி கேட்டாள். அளவு துண்டுக்கா, பொருளுக்கா என்று அவர் நம்மைப் பார்த்தார். பொருளுக்குத்தான் என்று நாம் சொல்லி முடிப்பதற்குள், வேண்டா என்று தலையசைத்துவிட்டார்.